மூக்கின் மேல் ஒரு திருஷ்டிப் பொட்டு

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் குழந்தை மூச்சை நிறுத்தியது.

பெயர் கீதாஞ்சலி. ஒன்றேகால் வயது. திங்கள் இரவு வலிப்போடு திருவண்ணாமலை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முகத்தைத் துடைத்து மூடச் சொன்னார் டாக்டர். நர்ஸ் ஈரப் பஞ்சை எடுத்தாள்.

குழந்தையின் இரண்டு கண்களுக்கும் நடுவே, மூக்கு தொடங்கும் இடத்தில், பிறவியிலேயே ஒரு கட்டி. அதன் மேல் பட்டாணி அளவில் ஒரு திருஷ்டிப் பொட்டு. மை அழிந்ததும் நர்ஸின் கை நின்றது.

“டாக்டர், இங்க ஓட்டை இருக்குது.”

ஊசி நுழைந்த ஓட்டை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு. ஒரு முறை குத்தியது போதாதென்று மறுபடி குத்தியது போல.

“யார் குத்தினது?” டாக்டர் தாயைக் கேட்டார்.

சிந்துஜாவுக்கு இருபத்து மூன்று வயது. ஓட்டையைப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள். “யாரும் குத்தலையே... ஞாயித்துக்கிழமை கருப்பன்கிட்ட காட்டினேன்...” என்று சொல்லி, அந்த வார்த்தையைத் திரும்பப் பிடித்துக்கொள்ள நினைத்தவள் போலக் கையால் வாயை மூடிக்கொண்டாள்.

அவள் புருஷன் அன்பரசன் பின்னால்தான் நின்றிருந்தான். முதல் அடி அவளுக்கு விழுந்தது. வார்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அவன் வெளியே ஓடினான். கீழ்பென்னாத்தூர் மார்க்கெட்டுக்கு வேர்க்கடலை மூட்டை ஏற்றும் வேன் அவனுடையது. கூட நான்கு டிரைவர்களை ஏற்றிக்கொண்டு, கருப்பன் குடிசை இருக்கும் அடி அண்ணாமலைக்குப் போனான்.

இன்ஸ்பெக்டர் சந்திரகலா ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது, கருப்பனையும் ஸ்ட்ரெச்சரில் அதே வாசல் வழியாக உள்ளே கொண்டு வந்தார்கள்.

*

கருப்பன் கிரிவலப் பாதையோரம் தழை மருந்து கட்டுபவன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவன் குடிசை முன்னால் கூட்டம் நிற்கும். இப்போது இடது கண் இருந்த இடத்தில் பஞ்சு மூட்டை. பார்வை திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள்.

“ஊசி வச்சிகிறியா?” என்றாள் சந்திரகலா.

“வச்சிகிறேம்மா. முள்ளு எடுக்கிறதுக்கு. அந்தக் கொழந்த மேல வைக்கல.”

“என்ன செஞ்ச? சொல்லாத, செஞ்சு காட்டு.”

அது அவள் வழக்கம். வாயை விடக் கை கம்மியாகப் பொய் சொல்லும் என்பாள். கருப்பன் விரலால் தன் மூக்கின் மேல் தழையை வைப்பது போலவும், திருநீறு பூசுவது போலவும் காட்டினான். விரல் பட்ட இடத்தில் நின்றது.

“தொட்டதும் கைய எடுத்துட்டேம்மா. தொளதொளனு, காத்து போன பலூன் மாதிரி இருந்துச்சு. மை வேற ஈரமா ஒட்டிச்சு. எனக்கு பயமாயிடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போம்மானு சொல்லி அனுப்பிட்டேன்.”

“அந்தப் பொண்ணு பாத்துகிட்டு இருந்துச்சா?”

“கண்ண மூடிகினு அண்ணாமலையாரக் கும்பிட்டுகினு இருந்துச்சு. நாந்தான் மூடிக்கச் சொன்னேன்.”

வெளியே வந்ததும் சப் இன்ஸ்பெக்டர் பரசுராமன் சிரித்தான். “கண்ண மூடச் சொல்லிட்டு குத்தியிருக்கான் மேடம். அவனே ஒத்துகிட்ட மாதிரிதான்.”

சந்திரகலா பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரைப் பார்க்கப் போனாள். அவர் தயங்கித் தயங்கிப் பேசினார். மூளையைச் சுற்றிச் சீழ் கட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நுழைந்த கிருமி இவ்வளவு தூரம் பரவியிருக்குமா என்பது சந்தேகம். ஆனால் கோர்ட்டில் அடித்துச் சொல்ல முடியாது.

*

குழந்தைக்குப் பத்து நாளைக்கு முன்னால் ஸ்கேன் எடுத்திருந்தார்கள். படத்தைப் பார்த்துச் சொன்னவர் டாக்டர் அறிவுமதி. இருட்டறையில் திரையைத் திருப்பிக் காட்டினார்.

“இந்த இடத்துல பிறவிக் கட்டின்னா பெரும்பாலும் மூணு வகை. ஒண்ணு, தோலுக்கு அடியில அழுக்கும் முடியும் சேர்ந்த பை. இன்னொண்ணு, கருவுலயே வழி தவறி வெளியில தங்கிட்ட மூளைத் திசு. ரெண்டும் கெட்டியா இருக்கும், அழுத்தினா அமுங்காது. மூணாவதுதான் இது.” கண்களுக்கு நடுவே கறுப்பாகத் தெரிந்த இடைவெளியில் விரலை வைத்தார். “எலும்பு இங்க மூடல. அது வழியா மூளையோட உறையும், உள்ள இருக்கிற தண்ணியும் வெளிய பிதுங்கி நிக்குது.”

“ஸ்கேன் இல்லாம வெளியில பாத்தே தெரியுமா?”

“ஓரளவுக்குத் தெரியும். தொட்டா மெத்துனு இருக்கும். டார்ச் அடிச்சா உள்ள வெளிச்சம் ஊடுருவும். குழந்தை அழுதா மண்டைக்குள்ள அழுத்தம் கூடி, தண்ணி இதுக்குள்ள தள்ளும். கட்டி வீங்கும். அழுகைய நிறுத்தினா அடங்கிடும். ஆனா எலும்புல ஓட்டை எங்க, எவ்வளவு, மூளை எந்த அளவுக்கு வெளிய வந்திருக்குனு தெரிய எம்.ஆர்.ஐ.யும் சி.டி.யும் வேணும். அது தெரியாம ஒரு குண்டூசி கூடப் படக்கூடாது. பட்டா வெளிக் கிருமி நேரா மூளைக்குப் போகும்.”

“இதை வீட்டுக்காரங்ககிட்ட சொன்னீங்களா?”

“தெளிவா சொன்னேன். ஸ்கேனுக்குக் குடுத்த மயக்கம் தெளியற வரைக்கும் அம்மா குழந்தையோடவே இருந்தாங்க. கூட வந்த அத்தைகிட்ட சொன்னேன். விவரமான பொண்ணு. இது பரம்பரையா வருமானு முதல்ல கேட்டாங்க. அப்படி இல்லம்மான்னேன்.”

“ஆபரேஷன் செஞ்சிருந்தா?”

“அடுத்த மாசம் சென்னையில தேதி கொடுத்திருந்தாங்க.” டாக்டர் திரையை அணைத்தார். “சின்னதா ஒரு தழும்பு இருந்திருக்கும். அவ்வளவுதான்.”

*

புதன்கிழமை அடக்கம் முடிந்து, சந்திரகலா அடி அண்ணாமலையில் குழந்தையின் வீட்டுக்குப் போனாள். சுவருக்குப் புதுசாக ரோஸ் பெயிண்ட் அடித்திருந்தது. கருப்பனை அடித்த கேஸில் அன்பரசனை மாலைதான் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போக வேண்டும். அதுவரை ஒரு கான்ஸ்டபிள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சிந்துஜா மூலையில் இருந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. யாரும் அவளோடு பேசவில்லை.

வந்தவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தவள் அன்பரசனின் தங்கை அபிநயா. இருபத்தாறு வயது. அப்பா அம்மா இல்லாததால் அண்ணன் வீட்டில் இருக்கிறாள்.

“குழந்தைய பகல்ல யார் பாத்துக்குவாங்க?” என்றாள் சந்திரகலா.

“அபிதான்,” என்றாள் சிந்துஜா. “நான் காலையிலயே ஆசிரமத்தாண்ட ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல சமையல் வேலைக்குப் போயிடுவேன். குளிப்பாட்டுறது, பொட்டு வைக்கிறது எல்லாம் அபிதான். என்ன விட அவகிட்டதான் ஜாஸ்தி இருப்பா.”

“ஸ்கேன் பாத்து இன்னா சொன்னாங்க?”

“கொழுப்புக் கட்டி, அடுத்த மாசம் எடுத்துடுவாங்கனு.”

“ஜுரம் எப்ப வந்துச்சு?”

“சனிக்கிழமை நைட்டு. வெள்ளிக்கிழமை காது குத்தினோம். அதனாலதான் ஜுரம்னு நெனச்சோம். எடுத்ததுக்கெல்லாம் வீல் வீல்னு கத்தினா. மூக்கு மேல வேற வேர்த்துகினே இருந்துச்சு.”

“மூக்கு மேல மட்டுமா?”

“ஆமா மேடம். மை நிக்கவே நிக்கல, கரைஞ்சி வழிஞ்சிது. அபி தொடச்சித் தொடச்சித் திரும்ப வச்சா.”

அபிநயா டம்ளரை நீட்டினாள். “ஞாயித்துக்கிழமை நான் ஊர்லயே இல்ல மேடம். வேலூர்ல ஃப்ரெண்டு கல்யாணம். இருந்திருந்தா கருப்பன்கிட்ட போக விட்டிருக்கவே மாட்டேன்.”

சிந்துஜா தலையைத் தூக்கி நாத்தனாரைப் பார்த்தாள். மறுபடி குனிந்துகொண்டாள்.

அன்பரசன் தரையைப் பார்த்தபடி பேசினான். “வர வெள்ளிக்கிழமை அபிய நிச்சயம் பண்ண செங்கத்துலருந்து வரதா இருந்தாங்க மேடம். அதுவும் போச்சு. இதுக்கு முன்னாடி ரெண்டு எடம் கொழந்தையப் பாத்துட்டு எழுந்து போய்ட்டாங்க. வம்சத்துலயே இருக்குமாம்.”

சந்திரகலா காது குத்திய வீடியோவைக் கேட்டாள். பச்சையம்மன் கோயில் வாசல். அன்பரசன் மடியில் குழந்தை. ஆசாரி கம்பியை இறக்கியதும் அது முகம் சிவக்க, கழுத்து நரம்பு புடைக்க அலறியது. மூக்கின் மேல் கறுப்புப் பொட்டு. கட்டி தோலோடு படிந்து கிடந்தது.

“இதுக்கு முன்னாடி இவ அழுத வீடியோ ஏதாவது இருக்கா?”

சிந்துஜா தேடிக் கொடுத்தாள். அதற்கு முந்தின புதன்கிழமை மாலை எடுத்தது. பொம்மையைப் பிடுங்கியதற்காகக் குழந்தை அழுகிறது. கன்னத்தில் பொட்டு. கண்களுக்கு நடுவே கட்டி நெல்லிக்காய் போலத் திரண்டு மினுமினுக்கிறது.

சந்திரகலா இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். காபி ஆறிப்போய் ஏடு கட்டியது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

ஜீப்பில் ஏறியதும் டாக்டர் அறிவுமதியைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். மறுநாள் காலை செங்கத்துக்குப் போனாள்.

*

வியாழக்கிழமை மதியம். அன்பரசனைக் காவலோடு வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். சந்திரகலா ஷெல்பில் இருந்த குழந்தையின் பொம்மையை எடுத்து அபிநயாவிடம் கொடுத்தாள். பக்கத்திலேயே மை டப்பியையும் வைத்தாள்.

“கீதாஞ்சலிக்கு எப்படிப் பொட்டு வைப்பீங்க? செஞ்சு காட்டுங்க.”

“எதுக்கு மேடம் இதெல்லாம்?”

“சும்மா வைங்க.”

அபிநயா மோதிர விரலில் மையைத் தொட்டாள். பொம்மையின் முகவாயைப் பிடித்துத் திருப்பி, இடது கன்னத்தில் ஒற்றினாள். தினமும் செய்த கை. யோசிக்கவே இல்லை.

“கன்னத்துல வைக்கிறீங்க.”

“ஆமா.”

“புதன்கிழமை வீடியோலயும் கன்னத்துலதான் இருக்குது. வெள்ளிக்கிழமை காது குத்தும்போது மட்டும் ஏன் மூக்கு மேல?”

அபிநயாவின் விரல் பொம்மையின் மேலேயே இருந்தது.

“கட்டி மேல... கண்ணு படக்கூடாதுனு...”

“பொறந்ததுலருந்து படாத கண்ணு, அந்த ஒரு நாள்ல இருந்துதான் படுமா?” சந்திரகலா குரலை உயர்த்தவில்லை. “புதன்கிழமை அழுதப்ப கட்டி வீங்குச்சு. வெள்ளிக்கிழமை காதுல கம்பி எறங்கி அந்தக் கத்து கத்தியும் வீங்கல. உள்ள இருந்த தண்ணி வெளிய போக ஓட்டை இருந்துச்சு. அதான். நீங்க எல்லாரும் வேர்வைனு நெனச்சது மூளைத் தண்ணி. ஓட்டைய மறைக்க வச்ச மைய அதுதான் கரைச்சுகிட்டே இருந்துச்சு. கருப்பன்கிட்ட போறதுக்கு முன்னாடியே, வியாழக்கிழமையே யாரோ குத்திட்டாங்க. அன்னைக்கு அண்ணன் வேன்ல, அண்ணி வேலையில. வீட்ல நீயும் குழந்தையும்.”

பேச்சில் மரியாதை இறங்கியதை எல்லோரும் கவனித்தார்கள்.

“ஏய், இன்னா சொல்றாங்க இவங்க?” அன்பரசன் பாதி எழுந்தான். கான்ஸ்டபிள் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

“சிந்துஜா, கருப்பன்கிட்ட போகச் சொன்னது யாரும்மா?”

சிந்துஜா நாத்தனாரைப் பார்த்தாள். “அபிதான். கல்யாணத்துக்குக் கெளம்பும்போது சொல்லிட்டுப் போனா. மந்திரிச்சிகினு வா அண்ணி, கட்டிக்கும் தழை குடுப்பாருனு. நேத்து, போக விட்டிருக்கவே மாட்டேன்னு அவ சொன்னப்போ, எனக்குத்தான் புத்தி கொழம்பிப்போச்சுனு நெனச்சேன்.”

“நான் கொல்லணும்னு செய்யல!” அபிநயா வெடித்தாள். “தண்ணிய எடுத்துட்டா கட்டி சின்னதாயிடும்னு நெனச்சேன். அவங்க வரப்போ முகம் நல்லாத் தெரியட்டும்னு...”

“அதைத்தான் ஸ்கேன் பாத்த டாக்டர்கிட்டயும் கேட்டிருக்க. ஊசியால தண்ணிய எடுத்துட்டா அமுங்கிடுமானு. அவங்க இன்னா சொன்னாங்க?”

அபிநயா கதவைப் பார்த்தாள்.

“நேத்து சாயங்காலம் போன்ல கேட்டேன். அவங்களுக்கு அப்படியே ஞாபகம் இருக்குது. குத்தினா ஒரு வாரத்துல குழந்தை செத்துடும்னு உன்கிட்ட சொல்லியிருக்காங்க. அதை நீ வீட்ல யாருக்கும் சொல்லல. அவங்க குடுத்த எச்சரிக்கையை நீ வழியா எடுத்துகிட்ட. பழி போட ஒரு கருப்பன், ஏமாந்து தூக்கிட்டுப் போக ஒரு அண்ணி. ரெண்டையும் ஏற்பாடு பண்ணிட்டு வேலூர் பஸ் ஏறிட்ட.”

அபிநயா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். மை ஒட்டிய விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“மூணாவது எடம் மேடம் இது,” என்றாள் கடைசியில். “இதுவும் போனா அவ்வளவுதான். ஆபரேஷன் பண்ணினாலும் தழும்பு இருக்கும். இன்னா தழும்புனு கேப்பாங்க. எத்தன பேருக்குப் பதில் சொல்றது?”

“எதால குத்தின?”

“கோணி ஊசி. மூட்டை தைக்கிறது.”

“ரெண்டு ஓட்டை இருந்துச்சே.”

“மொதல்ல கை நடுங்கிடுச்சு.”

“அழுதாளா?”

“ஊசியப் பாத்துச் சிரிச்சிகினு இருந்தா. வெளையாட்டு காட்றேன்னு நெனச்சா போல.” அபிநயாவின் குரல் சீராக வந்தது. “அப்புறம்தான் அழுதா. தூக்கச் சொல்லி என்கிட்டயே கைய நீட்டினா. தூக்கிகினேன். என் தோள்லயே தூங்கிட்டா.”

சிந்துஜாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று அதைச் சொல்ல முடியாது.

சந்திரகலா பெண் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டாள். கேஸ் அத்தோடு முடிந்தது. மேற்கொண்டு அவள் பேசியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. பரசுராமன் பின்னால் பல நாள் அதை நினைத்துக்கொள்வான்.

“செங்கத்துக்குப் போயிருந்தேன்,” என்றாள். “மாப்பிள்ளை பிரகாஷையும் அவங்கம்மாவையும் பாத்தேன். குழந்தையப் பத்தித் தெரியுமானு கேட்டேன். தெரியுமாம். தரகர் அனுப்பின போட்டோல நீ குழந்தைய இடுப்புல வச்சிகிட்டு நிக்கிற. கட்டி பளிச்சுனு தெரியுது. அந்தம்மா அந்தப் போட்டோவ எடுத்துக் காட்டினாங்க. ‘இப்படி ஒரு கொழந்தையக் கூச்சப்படாம தூக்கி வச்சிகினு போட்டோ எடுத்துக்கிற பொண்ணு, எங்கள நல்லாப் பாத்துக்கும்னுதான் இவள முடிவு பண்ணோம்’னாங்க.”

அபிநயா புரியாதவள் போல நிமிர்ந்து பார்த்தாள். சொன்னது மெல்ல உள்ளே இறங்குவதை, முகத்தின் ஒவ்வொரு தசையிலும் எல்லோரும் பார்த்தார்கள். பிறகு அவள் தலையைச் சுவரில் மோதத் தொடங்கினாள். இரண்டு கான்ஸ்டபிள்கள் சேர்ந்துதான் பிடித்து இழுத்துப் போக முடிந்தது. ரோஸ் பெயிண்டில் ரத்தம் கோடாக இறங்கியது.

அன்பரசன் மனைவியின் பக்கம் கையை நீட்டினான். “சிந்து...” என்றான். அவள் அந்தக் கையை ஏதோ சாமானைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அவனையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

சந்திரகலா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது சிந்துஜா வாசல் வரை வந்தாள்.

“மேடம், ஒண்ணு கேக்கணும். சனிக்கிழமை ஜுரம் வந்தப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு போயிருந்தா?”

சந்திரகலா அவள் வீங்கிய கன்னத்தைப் பார்த்தாள். இருபது வருஷ சர்வீஸில் அவள் சொன்ன பொய்கள் கம்மி. இந்த ஒன்றை நேராகக் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

“பொழைச்சிருக்காதும்மா. குத்தினப்பவே முடிஞ்சிடுச்சு. உன் மேல எந்தத் தப்பும் இல்ல.”

சிந்துஜா தலையை ஆட்டினாள்.

“காலையில ஆஸ்பத்திரி டாக்டருக்கு போன் பண்ணி இதையேதான் கேட்டேன் மேடம்,” என்றாள். “பொழைச்சிருக்கும்னு சொன்னாரு.”

பிறகு உள்ளே போய், கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள்.